எஸ்.எஸ்.எல்.சி. பெயில் குடும்பம்

எங்கள் ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. பெயில் என்பது ஒரு பட்டம். கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்த அந்த ஊரில் அதை வாங்கியிருந்தவர் என் அப்பா ஒருவர்தான். மற்றவர்கள் பரீட்சை வரைக்கும் போகாததால் பெயிலாகவும் வழியில்லை. கல்யாணப் பத்திரிகைகளில் அப்பா பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ்.எல்.சி. என்று அச்சடிப்பார்கள். பெயிலை மட்டும் இடமில்லை என்று விட்டுவிடுவார்கள்.

அண்ணனும் எழுதினான், பெயிலானான். "எம் பிள்ளைல்லா" என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். பெற்றவர்களுக்குப் படிப்பு இருந்தால்தான் பிள்ளைகளுக்கு வரும் என்பது அவர் கட்சி. அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. அதனால் இந்த விஷயத்தில் அவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

என் முறை வந்தபோதுதான் சிக்கல். எங்கள் பக்கம் பெண்ணைவிட மாப்பிள்ளை ஒரு வகுப்பாவது கூடப் படித்திருக்க வேண்டும். நான் பாஸாகிவிட்டால் சொந்தத்தில் எனக்கு ஆள் கிடையாது. பரீட்சையே எழுத வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பருத்தியில் தூசி பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னாள்: "எழுதிட்டுப் போட்டுமே. படிச்சவிய, உங்களுக்கே வரல. மவனுக்கும் வரல. இவளுக்கு மட்டும் எங்கன இருந்து வரும்? பெயிலானா உங்களுக்குச் சமமா இருப்பா. எதுக்குப் பயப்படுதீங்க?"

அப்பா யோசித்தார். அவர் கட்சிப்படி அது சரியாகத்தான் இருந்தது. சம்மதித்துவிட்டார்.

பெற்ற தாயே இப்படிச் சொன்னாளே என்று எனக்கு ஆத்திரம். அவளுக்குக் காட்டுவதற்காகவே படித்தேன். அந்த மாசி முழுக்க அவள் என்னைப் பருத்தி எடுக்கக் கூப்பிடவில்லை. என் மேல் கோபம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பேப்பரில் என் நம்பரைக் கண்டதும் அப்பா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அச்சில் தப்பு என்றார். சாயங்காலம் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தவர், கடைசியில் அம்மாவிடம் வந்து, "இவளுக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

"எம் பங்குதான்," என்றாள் அம்மா. "நான் ஒரு எழுத்துகூடச் செலவழிக்கலைல்லா. அம்புட்டும் அவளுக்கு வந்திருக்கு."

அவள் கைகளில் பருத்தி ஓடு கீறிய தழும்புகள் இன்னும் மறைந்திருக்கவில்லை. அதில் பாதி நான் எடுத்திருக்க வேண்டிய பருத்தி.