ஒன்பது சதவீதக் குரல்

"வேலைச் சந்தையிலிருந்து வெகுதொலைவில் இருப்பவர். கணினித் திறன்: தொடக்க நிலைக்கும் கீழ். கருவிகளோடு கூடிய கைவேலை: பொருந்தாது. பிறரோடு சேர்ந்து பணியாற்றுதல்: பழக்க வேண்டும்."

நகராட்சிக் கோப்பில் ஹில்லி ஒமெஸைப் பற்றி இப்படித்தான் எழுதியிருந்தது. எழுதிய அதிகாரி அவளை மொத்தம் இருபது நிமிடம் பார்த்திருந்தார். அதில் பன்னிரண்டு நிமிடம் அவருடைய கணினி உயிரில்லாமல் கிடந்தது. ஹில்லி மேசைக்கு அடியில் குனிந்து, கழன்றிருந்த வயரைச் செருகிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் 'கணினித் திறன்' என்ற கட்டத்தை அவரால் நிரப்ப முடிந்தது.

நெதர்லாந்தில், குரோனிங்கன் மாகாணத்தின் கிழக்கே, கால்வாயை ஒட்டி நீண்டு கிடக்கும் ஊர் அது. அங்கிருந்த அட்டைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் இயந்திரங்களைப் பராமரித்தவள் ஹில்லி. தொழிற்சாலை மூடியது, அவளுக்கு ஐம்பத்தேழு வயதாகியிருந்தது, சந்தைதான் அவளை விட்டுத் தள்ளிப் போனதே தவிர, அவள் எங்கும் நகரவில்லை. வெள்ளிக்கிழமை மதியங்களில் பேட்டை மன்றத்தின் ரிப்பேர் மேசையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருப்பாள். மேசைக்கு ஒரு விதி உண்டு: பொருளின் சொந்தக்காரர் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும், இரவல் பொருளைத் தொடக் கூடாது. விதியைக் காப்பது ஹார்ம் என்ற ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன். அவருக்கு வேறு வேலை கிடையாது என்பதால் ஒழுங்காகக் காத்தார்.

அந்த நவம்பர் வெள்ளியன்று ஒன்றேகால் மணிக்கு த்ரைன் போஸ்மா தன் கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். மழைக்கோட்டு அவருக்குத்தான் போட்டிருந்தது. அவள் தொப்பலாக நனைந்திருந்தாள்.

பேரெண்ட் போஸ்மாவுக்குக் கை கால் எதுவும் அசையாது. இரண்டு வருடமாக நாக்கும் அசையவில்லை. கண் மட்டும் பாக்கி. நாற்காலியில் பொருத்திய மடிக்கணினி அந்தக் கண் எந்த எழுத்தைப் பார்க்கிறது என்று பார்த்துச் சொல்லாக்கிப் பேசும். இப்போது திரை இருண்டிருந்தது.

"ஒன்பது சதவீதம்தான் இருக்கு, அதான் அணைச்சு வெச்சிருக்கேன்" என்றாள் த்ரைன். "பழைய பேட்டரி பதினொரு நிமிஷத்துல படுத்துருச்சு. புதுசு வாங்கிப் போட்டோம். ரெண்டு நாள் ஓடுச்சு, இப்ப அதுவும் ஏற மாட்டேங்குது. ஏமாத்திட்டானுங்க."

"இதைக் கொடுத்த கம்பெனில சொன்னீங்களா?" என்றாள் ஹில்லி.

"ஆறு வாரம் ஆகும்னாங்க. மூணு மணிக்கு நகராட்சியிலேர்ந்து வர்றாங்கம்மா. சமையலறை மேசைப் பேச்சுன்னு சொல்வாங்க, வீட்டுக்கே வந்து விசாரிச்சு முடிவு பண்றது." அவள் அவருடைய மழைக்கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினாள். "இவரு வீட்டுலயே இருக்கலாமா, அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இல்லத்துக்குப் போகணுமான்னு இன்னிக்கு முடிவு. இவரே சொல்லணுமாம், சொந்த வாக்கியத்துல. நான் சொன்னா செல்லாது. இவரு பேசலேன்னா 'விருப்பம் அறிய இயலவில்லை'னு எழுதிருவாங்க. அங்க ஒரு கட்டில் காலியா இருக்கு."

பேரெண்ட் கண்ணை மேலே தூக்கினார். ஆமாம் என்று அர்த்தம்.

ஹார்ம் கணினியின் அடியிலிருந்த சீட்டைப் படித்தார். "இரவல் பொருள். திறக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு, ஹில்லி."

"நான் எங்க திறக்கறேன்? கொக்கியைத் தள்ளினா பேட்டரி தானா வெளிய வருது."

"சொந்தக்காரர் பக்கத்துல இருக்கணும்."

"இதோ இருக்காரு. ஓடிப் போற ஆள் மாதிரியா தெரியுது?"

பேரெண்டின் நெஞ்சு குலுங்கியது. அவர் சிரிப்பது அப்படித்தான் என்று த்ரைன் சொன்னாள்.

மேசையில் இருந்த ஹில்லியின் கணினியும் அதே வகைதான். நகராட்சி கழித்துப் போட்டது. முத்திரைகூட இன்னும் கிழிபடவில்லை. அவள் பேரெண்டின் புதுப் பேட்டரியைத் தன்னுடையதில் மாட்டி சார்ஜரைச் செருகினாள். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. தன் பேட்டரியை அவருடையதில் மாட்டி, அவர்களுடைய சார்ஜரைச் செருகினாள். விளக்கு எரியவில்லை. தன் சார்ஜரைச் செருகினாள். அப்போதும் இல்லை. ஆட்டிப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள். செருகுமிடம் விழப்போகும் பல் மாதிரி ஆடியது.

"பேட்டரி மேல தப்பே இல்ல. ரெண்டும் பட்டினி கிடந்திருக்கு, அவ்வளவுதான். சார்ஜர் செருகற ஓட்டை செத்துப் போச்சு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை செருகிப் புடுங்குவீங்க?"

"எட்டு, பத்து தடவை" என்றாள் த்ரைன், கொஞ்சம் பெருமையாகவே. "முழுசா ஏறின உடனே புடுங்கிருவேன். சும்மா மாட்டி வெச்சா கரண்ட் போகுதே. நாங்க எதையும் வீணாக்க மாட்டோம்."

அந்த ஊரில் அதைக் குறையாகச் சொல்ல யாராலும் முடியாது. ஹில்லியே வீட்டில் அப்படித்தான் பிடுங்குவாள்.

"புது ஓட்டை செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி வராது" என்றார் ஹார்ம்.

த்ரைன் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. மடியிலிருந்த பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

ஹில்லி தன் கணினியின் ஆரஞ்சு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் மெஷினை சார்ஜரா வெச்சுக்கலாம். இவரு பேட்டரி இதுல ஏறட்டும். தீர்ந்தா என்னோடதைப் போடலாம், அதுக்குள்ள இது மறுபடி ஏறிரும். என் பேட்டரி கிழடு. இருந்தாலும் அரை மணி தாங்கும். இதைத் தூக்கிட்டு நான் உங்க வீட்டுக்கு வரேன்."

"உனக்கு ரெண்டரைக்கு நகராட்சி வகுப்பு இருக்கே" என்றார் ஹார்ம். "போகலேன்னா கோப்புல ஏத்துவாங்க."

"இன்னிக்குப் பாடம் கணினியை எப்படி ஆன் பண்றதுன்னு. நானே பாத்துக்கறேன்."

மூன்று மணிக்கு, அந்த ஊரில் சொன்னால் சொன்ன நிமிடம்தான், மார்லூஸ் என்ற இளம் நகராட்சி அதிகாரி போஸ்மா வீட்டு மணியை அடித்தாள். காபி வந்தது. ஆளுக்கொரு பிஸ்கட் எடுத்ததும் டப்பா மூடியது. ஹில்லி பிளக் இருந்த மூலையில், தரையில், கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

"இவங்க யாரு?"

"மின்சாரம்" என்றாள் ஹில்லி.

மார்லூஸ் கேள்விகளை அடுக்கினாள். எப்படிச் சமாளிக்கிறீர்கள்? "நல்லாத்தான் போகுது" என்றாள் த்ரைன். இரவில்? "நல்லாத்தான் போகுது." உங்கள் உடம்பு? அதுவும் நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. சொல்லும்போது அவள் கண்ணுக்குக் கீழே தோல் துடித்தது.

மார்லூஸ் பேரெண்டின் பக்கம் திரும்பினாள். அவர் எழுத்து எழுத்தாகப் பார்த்தார். கணினி ஆம்ஸ்டர்டாம் செய்தி வாசிப்பாளரின் குரலில் பேசியது. தன் ஊர்ப் பேச்சைத் தவிர வேறெதையும் வாயில் வைத்திராத மனிதருக்கு அந்தக் குரல்தான் வாய்த்திருந்தது. வணக்கம் சொல்லி, தன் வியாதியை விவரித்து, பழைய கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லவே முக்கால் மணி நேரம் போயிற்று. ஹில்லி ஒரு முறை பேட்டரி மாற்றிவிட்டாள். கிழட்டுப் பேட்டரி அரை மணி தாங்கவில்லை.

"நான் வீட்டுல இருக்கணும். ஆனா" என்றது குரல். திரை கறுத்தது.

ஹில்லி எழுந்து கொக்கியைத் தள்ளினாள். கணினி எழுந்து, கண் பார்க்கும் நிரலும் எழுந்திருக்க நான்கு நிமிடம் வேண்டும்.

"ஆனா யாருக்கும் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு சொல்ல வர்றாரு" என்றாள் த்ரைன் வேகமாக. "அவ்வளவுதான் மேடம். எழுதிக்கோங்க, வீட்டுல இருக்கணும்."

மார்லூஸின் பேனா கட்டத்தின் மேல் நின்றது. பேரெண்ட் கண்களை இறுக மூடினார். இல்லை.

"அவரு சொல்லி முடிக்கட்டும்" என்றாள் ஹில்லி.

"முப்பத்தாறு வருஷமா நான்..."

"அதோட இன்னும் நாலு நிமிஷத்தைச் சேர்த்துக்கோங்க."

த்ரைன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மார்லூஸ் ஒரு முறை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஹில்லி அவளைப் பார்த்த பார்வையில், இரண்டாம் முறை பார்க்கவில்லை. திரை வெளுத்தது. பேரெண்டின் கண் நகர ஆரம்பித்தது.

"ஆனா இவ நாலு மாசமா தூங்கல. மணிக்கு ஒரு தடவை என்னைத் திருப்பிப் போடறா. நல்லாப் போகுதுன்னு பொய் சொல்றா. ராத்திரிக்கு ஒரு ஆள் கொடுங்க. கொடுக்க முடியலேன்னா என்னைக் கூட்டிட்டுப் போங்க."

த்ரைன் மேசைமேல் தலையைக் கவிழ்த்தாள். அப்போதுதான் அழுதாள்.

"வாரத்துக்கு ரெண்டு ராத்திரி கேட்டுப் பாக்கலாம்" என்றாள் மார்லூஸ்.

"அஞ்சு" என்றது குரல்.

"மூணு?"

பதில் வருவதற்குள் மறுபடி இருண்டது. மறுபடி நான்கு நிமிடம். திரை வந்ததும் குரல் "நாலு" என்றது. மார்லூஸ் எழுதிக்கொண்டாள்: நான்கு இரவு, மூன்று மாதத்துக்குச் சோதனையாக. அதற்குப் பிறகு மறுபடி ஒரு சமையலறை மேசைப் பேச்சு.

செவ்வாய்க்கிழமை, புது ஓட்டை வந்த அதே தபாலில், ஹில்லிக்கு நகராட்சிக் கடிதமும் வந்தது: "கணினி அறிமுக வகுப்புக்கு வரவில்லை. காரணம் தெரிவிக்கவில்லை. ஆர்வக் குறைவு எனக் குறிக்கப்பட்டது."

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்தேகால் வரை ஹில்லி ஒமெஸ் போஸ்மா வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, மூன்று முறை பேட்டரி மாற்றினாள்.