தொட்டியில் பூத்த அல்லி

"தண்ணிய இன்னைக்கே கொட்டிருங்கம்மா, கொசு முட்டை வைக்கும்" என்றார், வீடு வீடாகப் பார்த்து வந்த சுகாதாரப் பணியாளர். வாசல் தொட்டியில் அப்போதுதான் அல்லிக் கிழங்கை நட்டிருந்தேன். கையெல்லாம் கண்மாய்ச் சேற்று வாசனை.

நான் சிறுமியாக இருந்தபோது, சொந்த ஊரான வல்லத்திராக்கோட்டையில் எங்கள் அப்பாவும் இதையேதான் சொன்னார். மாட்டை விற்ற பிறகு சும்மா கிடந்த சிமெண்டுத் தொட்டியில் என் அக்கா அல்லி வளர்த்தாள். வெடித்துக் கிடந்த கண்மாயைக் கிளறி அவளே எடுத்து வந்த கிழங்கு. முதலில் தொட்டியின் அடியிலேயே வைத்தாள். கொழுந்து மேலே வர முடியாமல் அழுகிப்போனது. அடுத்த முறை செங்கல் அடுக்கி, அதன்மேல் சட்டியை வைத்து நட்டாள். தண்டு நீள நீள ஒவ்வொரு கல்லாக உருவினாள்.

ஐப்பசி மழையில் மொட்டு தெரிந்த அன்று அப்பா கடப்பாரையோடு வந்தார்.

"கொசுப் பண்ணையா வச்சிருக்க? அங்கிட்டுப் போ, ஒடைக்கப் போறேன்."

அக்கா நகரவில்லை. "ஒரு வாரம் பொறுங்கப்பா. ஒரு புழு இருந்தாலும் நானே ஒடைக்கிறேன்."

அன்றே தாவணியை வலையாக்கி, வாய்க்காலில் கெண்டைக் குஞ்சுகளைப் பிடித்துவந்து தொட்டியில் விட்டாள்.

ஒரு வாரம் கழித்து அப்பா தொட்டிக்குள் குனிந்து வெகுநேரம் தேடினார். ஒரு புழுகூடத் தென்படவில்லை. நிமிர்ந்தவர், பக்கத்தில் கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்து, அல்லி இலை எட்டாத தூரத்தில் கொண்டுபோய்க் கட்டினார்.

"என்னம்மா, கொட்டுறீங்களா?" என்று வாசலில் நின்ற சுகாதாரப் பணியாளர் மறுபடி கேட்டார்.

"ஒரு வாரம் பொறுங்க. ஒரு புழு இருந்தாலும் நானே கொட்டுறேன்."

அவர் தெரு திரும்பியதும், மகளின் பழைய துப்பட்டாவை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குக் கிளம்பினேன்.