மூன்றாவது வாரண்ட்

எந்த வீட்டு வாசலிலும் மதிவதனி செருப்பைக் கழற்றுவதில்லை. திமிர் என்று நினைத்துவிட வேண்டாம். கோயமுத்தூர்ப் பக்கம் செருப்பைக் கழற்றி உள்ளே போனால் நாற்காலி போடுவார்கள், காப்பி வரும். காப்பியைக் குடித்துவிட்டு வீட்டைக் காலி செய்யுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? கோர்ட் அமீனாவாக இருபத்திரண்டு வருஷம் காலம் தள்ளியவருக்கு இது தெரியாதா என்ன!

தீர்ப்பு வந்தால் வீடு வந்துவிட்டது என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தீர்ப்பு வெறும் காகிதம். வாரண்டோடு போய், இருப்பவரை வெளியேற்றி, பூட்டை மாற்றி, உரியவர் கையில் சாவியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது மதிவதனியின் வேலை. அதையும் பவ்யமாகத்தான் செய்வார். "ஏனுங்க, பீரோவை எறக்கிப்போடலாமுங்களா?" என்று அவர் கேட்பது பெண் பார்க்க வந்தவர் பேசுவது மாதிரி இருக்கும். அடுப்பில் சோறு கொதித்தால் வடிக்கும்வரை காத்திருப்பார். சாமி படத்தை மட்டும் அந்த வீட்டுக்காரர்கள் கையாலேயே எடுக்கச் சொல்வார்.

அவரையே திணறடித்தவர் சிங்காநல்லூர் குழந்தையம்மாள். வயது எழுபத்தொன்று. தன் வீட்டை மீட்கப் பதினாலு வருஷம் வழக்கு நடத்தி ஜெயித்தவர். அதுவரை மகள் வீட்டு இரண்டாவது மாடியில், முழங்கால் வலியில் படியிறங்கவே சிரமப்பட்டு அடைந்து கிடந்தார். தன் வீட்டுத் தரையில் நடக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆனால் இரண்டு முறை மதிவதனி வாரண்டோடு கூட்டிப்போயும், வாடகைக்கு இருந்த சுந்தரராஜுலு "வாங்கம்மா, உக்காருங்க" என்றதும் மனசு இளகி அம்மாளே அவகாசம் கொடுத்துவிட்டார். "மாவாட்டி வெச்சிருக்கறாங்க கண்ணு, எப்படிப் போகச் சொல்றது?" என்று மதிவதனியிடமே கேட்டார். இன்னொரு தடவை சும்மா திரும்பினால் நீதிபதி மனுவை மூடிவிடுவார், மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும் என்று வக்கீல் கையை விரித்துவிட்டார்.

போன புதன்கிழமை மூன்றாவது வாரண்ட். மதிவதனி அம்மாளை ஆட்டோவிலேயே உட்கார வைத்தார். "நான் கூப்புடற வரைக்கும் எறங்கக் கூடாதுங்க. அவங்க என்ன சொன்னாலும் எறங்கக் கூடாதுங்க." சுந்தரராஜுலு காப்பி டம்ளரோடு ஆட்டோ வரைக்கும் வந்தார். அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். காப்பி ஆறிப்போய் உள்ளே திரும்பியது.

மூன்று மணிக்கு வீடு காலி. புதுப் பூட்டு, சாவி, கையெழுத்து, எல்லாம் முடிந்தது. குழந்தையம்மாள் வெறும் ஹாலில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்துகொண்டே இருந்தார். மதிவதனிக்குக் கண் கலங்கியது. கலங்கட்டுமே, அவரும் மனுஷிதானே.

வெளியே, பெருந்துறையில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கிளம்பும் டெம்போ பக்கத்தில் சுந்தரராஜுலு வியர்த்து நின்றார். வாசலுக்கு வந்த குழந்தையம்மாளுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏனுங்க, வெய்யல்ல நிக்கறீங்களே. உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போட்டுப் போங்க."

மனிதர் படியில் கால் வைத்தார். மதிவதனி ஒரே எட்டில் வாசலை மறித்து நின்றார். தோள்பைக்குள் கைவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, அவர் கையில் கொடுத்தார்.