முருகனுக்குப் போன நாலாயிரம்

பரந்தாமன் அண்ணனைப் பற்றித் திருத்தணி சரவணப் பொய்கைப் பக்கம் யாரைக் கேட்டாலும், "நல்ல மனுஷன், கொஞ்சம் மண்டு" என்பார்கள். நானும் அதையேதான் சொல்வேன். அவருக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழமும் நெய்விளக்கும் விற்கிறவள் நான். பெயர் ஷோபனா. என் வாய்க்குப் பயந்து என்னிடம் யாரும் பேரம் பேச மாட்டார்கள்.

அண்ணனுக்கு மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசுகிற தொழில். முடியிறக்கி, பொய்கையில் முழுகி, ஈரத்தோடு வருகிறவர்கள் அவர் முன்னால் வந்து உட்காருவார்கள். கத்தி பட்ட இடம் எது என்று விரலாலேயே தெரிந்துகொண்டு அங்கே மட்டும் மெதுவாகப் பூசுவார். கைக்குழந்தைகூட அவர் கையில் அழாது. தலைக்கு இருபது ரூபாய். சாயங்காலம் கடையைக் கட்டும்போது வந்த காசில் பத்தில் ஒரு பங்கை எடுத்து ஒரு பவுடர் டப்பாவில் போட்டுவைப்பார். கிருத்திகைக்கு மலையேறி அதை உண்டியலில் சேர்ப்பார். இங்கே பல வீடுகளில் இந்த வழக்கம் உண்டு. முருகனும் ஒரு பங்காளி. அவன் பங்கைக் கொடுத்துவிட்டால் மீதி நம் காசு, யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் அண்ணனைக் கவிழ்த்தது.

மாசி மாதம் ஒருநாள் போனை என்னிடம் நீட்டினார்.

"இது இன்னான்னு பாரும்மா."

பார்த்தேன். பேங்கிலிருந்து மெசேஜ். அவர் கணக்கில் நாற்பதாயிரம் ஏறியிருந்தது.

"யார்ணா போட்டது இவ்ளோ துட்டு?"

"எனக்கு யாரும்மா போடப் போறாங்க?"

"அப்போ யார் துட்டோ தப்பா வந்துகீது. பேங்க்ல போய்க் கேளுணா."

"ஆங், கேக்கறேன்" என்றார். அவர் கேட்கவில்லை.

அவருடைய மனைவி அனுசுயா கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறுதான் கிடந்தது. மகள் கல்யாணத்துக்காகத் தாலிச் சங்கிலியை அடகு வைத்தார்கள். மகளுக்குக் குழந்தை பிறந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டது, சங்கிலி மட்டும் வீடு திரும்பவில்லை. சொந்தக்காரர் விசேஷத்துக்குப் போனால் அனுசுயா முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொள்வாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணன் தலையைக் குனிந்துகொள்வார்.

மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? பணத்தை எடுத்து, முதல் வேலையாக மலையேறி நாலாயிரத்தை உண்டியலில் போட்டார். அதற்கப்புறம் இறங்கிவந்து சங்கிலியை மீட்டார். வீட்டில் சீட்டுப் பணம் என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் அனுசுயா சங்கிலியோடு கடைப்பக்கம் வந்தாள். முந்தானையை அதன் இடத்தில் விட்டிருந்தாள். எனக்கும் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அவள் போனதும் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"முருகன் குடுத்தான். அவன் பங்க அவனுக்குப் போட்டுட்டேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"முருகன் இன்னா பேங்க்ல வேல பாக்கறானா? யார் வயித்துல அடிச்ச துட்டோ, அதுல பங்கு வேறயா?" என்று கத்தினேன். பொய்கைக்கரையே திரும்பிப் பார்த்தது.

பிறகு பேங்கிலிருந்து போன் வர ஆரம்பித்தது. அண்ணன் எடுக்கமாட்டார். போனை அணைத்துச் சந்தனக் கிண்ணத்துக்குப் பின்னால் வைத்துவிடுவார். அவருக்குச் சோறு இறங்கவில்லை. கத்தி பட்ட இடத்திலேயே அழுத்திப் பூசினார். ஒரு குழந்தை அவர் மடியில் வீறிட்டு அழுதது. எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அந்தக் குழந்தை போனதும் என் பக்கம் திரும்பினார்.

"மனசு அறுக்குதும்மா ஷோபனா. அனுசுயா கழுத்தப் பாக்க முடியல. கயிறு கெடந்தப்போகூடப் பாத்துகினு இருந்தேன்."

"அப்போ எழுந்து வா" என்று கையோடு பேங்குக்கு இட்டுக்கொண்டு போனேன்.

அங்கே மேனேஜர் ஒரு சின்ன வயசுப் பெண். கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் மாறிப்போனதாம். பணம் திருவாலங்காட்டில் துளசிங்கம் என்ற கரும்பு விவசாயியுடையதாம்.

"நானா எடுத்தேன்? நீங்கதானே மேடம் போட்டீங்க?" என்றார் அண்ணன், ஈனக் குரலில்.

"எங்க தப்புதாங்க. அதுக்காக அது உங்க பணமாயிடுமா? தப்பா வந்ததுன்னு தெரிஞ்சா வெச்சிக்க உரிம கெடையாது. செலவாயிடுச்சுன்னாலும் கட்டித்தான் ஆவணும். இல்லன்னா போலீஸ், கேஸுன்னு போயிடும்."

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டில் உண்மையைச் சொன்னார். நானும் கூடத்தான் இருந்தேன். அனுசுயா அழவில்லை, திட்டவில்லை. உள்ளே போய்ச் சங்கிலியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கயிறு எனக்குப் பழகிப்போச்சுங்க. சீட்டுன்னு சொன்னீங்க பாரு, அதுதான் தாங்கல" என்றாள்.

சங்கிலி மறுபடி அடகுக்குப் போயிற்று. கையில் மிச்சம் இருந்ததையும் சேர்த்துக் கட்டினார்கள். முருகனுக்குப் போன நாலாயிரம் மட்டும் நின்றது. அதை வைகாசியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவதாக எழுதிக் கொடுத்தார்.

"உண்டியல்ல போட்டதக் கோயில்ல போய்க் கேட்டுப் பாரேன்" என்றேன், எரிச்சலில்.

"குடுத்தத எந்த மூஞ்ச வெச்சிகினும்மா கேக்கறது?"

அன்றிலிருந்து பவுடர் டப்பாவில் அவர் ஒரு காசு போடவில்லை. இன்னொருத்தன் கடன் தீராமல் முருகனுக்குப் பங்கு கொடுக்க யோக்கியதை இல்லை என்றார்.

சித்திரை வெயிலில் ஒருநாள் ஒரு பெரியவர் முடியிறக்கிக்கொண்டு வந்து அண்ணன் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் அவர் மனைவி. அண்ணன் பூச ஆரம்பித்ததும் பெரியவர் தானாகவே பேச்செடுத்தார்.

"திருவாலங்காட்லேர்ந்து வரேன் தம்பி. கரும்புத் துட்டு வேற யார் கணக்குலயோ போய் உழுந்துச்சு. கெடச்சா மொட்ட போட்டு, பத்துல ஒரு பங்க உண்டியல்ல போடறேன்னு வேண்டிக்கினேன். வந்துச்சு. நாலாயிரம் மட்டும் பாக்கி."

அண்ணன் கை நின்றது.

"துட்டு கூடப் பெருசில்ல தம்பி. கரும்பு வெட்டனவங்களுக்குக் கூலி குடுக்க முடியல. வாசல்ல வந்து நின்னாங்க. நான் வூட்டுக்குள்ள இருந்துகினே இல்லன்னு சொல்ல வெச்சேன். இந்த வயசுல ஒளிஞ்சிகினு இருந்தேன். சரி, அத வுடு. மேல போய் முருகன் பங்கு நாலாயிரத்தப் போட்டுட்டா வேண்டுதல் முடிஞ்சிடும்."

"போடாதீங்க ஐயா" என்றார் அண்ணன்.

பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"உங்க பங்கு போயாச்சு. நான்தான் போட்டேன். உங்க துட்டு எங்கிட்டதான் வந்துச்சு. தெரிஞ்சேதான் வெச்சிகினேன்." சந்தனக் கையோடு கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

அந்த அம்மாள் எழுந்துவிட்டாள். "நீதானா அது? படுபாவி! எங்கள நாலு பேர் முன்னாடி..." என்று ஆரம்பித்தவளைப் பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் தலையில் ஒரு பக்கம் மட்டும் சந்தனம் இருந்தது. அது கரைந்து புருவத்துக்கு வந்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் அண்ணனையே பார்த்தார்.

"நான் போட வேண்டியத நீ போட்டுட்ட. நாலாயிரம் அதோட தீந்துது, பேங்க்ல நானே சொல்லிடறேன்" என்றார் கடைசியில். "கூலிக்காரங்கிட்ட நான் சொன்ன பொய்தான் தீராது. மீதித் தலைக்குப் பூசு, வெயில் சுடுது."

அண்ணன் பூசினார். மெதுவாகத் தலை முழுவதும் பூசி முடித்தார். பெரியவர் எழுந்து இருபது ரூபாய் நீட்டினார். அண்ணன் வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"புடிப்பா. இது நீ ஒழச்ச துட்டு. முருகனுக்குப் பங்கு குடுக்கறதுன்னா இதுல குடு."

நோட்டைக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு அவர்கள் படிக்கட்டைப் பார்த்து நடந்தார்கள். கண்ணுக்கு மறைகிறவரை அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு துணிப்பையிலிருந்து இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றைத் தேடி எடுத்து, காலி டப்பாவில் போட்டார்.