மரகதம் அக்காவின் ஜீப்பும், பின்னால் வைத்த டர்போவும்

மரகதம் அக்கா இன்று காலை தவறிவிட்டார்.

அவர் மகள் நித்யா போன் செய்தபோது ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். வெளியே வந்து உட்கார்ந்து வெகுநேரம் ஆகியும் கையில் ஸ்பேனர் அப்படியே இருந்தது...

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. உடுமலைப் பக்கம் தேங்காய் காயவைக்கும் கொப்பரைக் களம் வைத்திருந்தார். பழைய டீசல் ஜீப் ஒன்றைத் தானே ஓட்டுவார். கோயமுத்தூர் சிங்காநல்லூரில் நான் ஒர்க்‌ஷாப் திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அந்த ஜீப்பில் வந்து இறங்கினார்.

"ஏனுங்க தம்பி, மூட்டை ஏத்துனா மேட்டுல மூச்சு வாங்குதுங்க. டர்போ போட்டா நல்லா இழுக்கும்ங்கறாங்க. இதுக்குப் போட முடியுங்களா?"

வெளியே போகும் புகையின் வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுவதுதான் டர்போ. வழக்கமாக இன்ஜினை ஒட்டியே இருக்கும். அக்காவின் ஜீப்பிலோ ஏசி, பவர் ஸ்டீயரிங் எல்லாம் சேர்ந்து பானெட்டுக்குள் கை நுழைய இடமில்லை.

பின்னால், சைலன்சர் இருக்கும் இடத்தில் வைத்துவிடலாம் என்றேன். நல்லதையெல்லாம் அடுக்கினேன். இன்ஜின் பக்கம் எதையும் கழற்ற வேண்டாம். பானெட்டுக்குள் சூடு ஏறாது. காற்று நீளமான பைப்பில் வருவதால் வழியிலேயே ஆறிவிடும், அதற்கென்று தனியாக இன்டர்கூலர்கூட வேண்டாம். ரிப்பேர் என்றாலும் அடியில் நாலு போல்ட்தான்...

அக்கா பொறுமையாகக் கேட்டார். "இத்தன நல்லது சொல்றீங்க. கெட்டது ஒண்ணுகூட இல்லீங்களா?"

"இல்லீங்க அக்கா."

பொய். கெட்டதெல்லாம் எனக்குத் தெரியும். வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். அப்படி ஒன்றைச் செய்து பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வேறு.

டர்போ வைத்த பிறகு சில மாதங்கள் ஜீப் பிரமாதமாக ஓடியது. மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் வந்தார். "நீல நீலமாப் பொகை வருதுங்க தம்பி."

ஓட்டிப் பார்க்கலாம் என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அக்காதான் ஓட்டினார். திருச்சி ரோட்டில் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், இன்ஜின் திடீரென்று அலற ஆரம்பித்தது. அக்கா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். சத்தம் குறையவில்லை. கிளட்சை மிதித்தார். இன்னும் ஏறியது. சாவியைத் திருப்பி அணைத்தார்.

நிற்கவில்லை.

டர்போவில் தேங்கிய ஆயில் காற்றுப் பைப் வழியாக இன்ஜினுக்குள் போக, இன்ஜின் அதையே டீசலாகக் குடித்து ஓடிக்கொண்டிருந்தது. சாவியை அணைத்தால் டீசல் நிற்கும். ஆயில் எப்படி நிற்கும்? கண்ணாடி முழுக்கப் புகை. பின்னால் பஸ் ஹாரன். புத்தகத்தில் இதைப் படித்தவன் நான். கை கால் ஓடவில்லை.

"குதிச்சிருங்க அக்கா!" என்று கத்தினேன்.

"பேசாம உக்காருங்க தம்பி."

டாப் கியரைப் போட்டார். பிரேக்கை முழுக்க மிதித்தபடி கிளட்சை விட்டார். ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது.

"எங்க டிராக்டர் ஒருக்கா இப்படித்தான் ஓடுச்சுங்க," என்றார்.

ரோட்டோரம் நின்று தண்ணீர் குடித்தார். பாட்டிலை என்னிடம் நீட்டினார். "இப்பச் சொல்லுங்க. கெட்டது என்னென்ன?"

சொன்னேன். புகை பின்னால் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும், அதனால் மிதித்தவுடன் டர்போ வேலை செய்யாது, கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அடியில் தொங்குவதால் மழைத்தண்ணீர், கல், ஸ்பீட் பிரேக்கர் எல்லாமே ஆபத்து. பெரிய சிக்கல் ஆயில். இன்ஜினைவிடத் தாழ்வாக இருப்பதால், டர்போவுக்குப் போன ஆயில் தானாகத் திரும்பி வராது. சின்னப் பம்ப் ஒன்று இழுத்துத் தர வேண்டும். அந்தப் பம்ப் நின்றால் இதுதான் நடக்கும்...

"தெரிஞ்சேதான் மறைச்சேனுங்க அக்கா. எல்லாத்தையும் கழட்டிப்போட்டு இன்ஜினைச் சரி பண்ணித் தர்றேன்."

"கழட்டுனா மேடு ஏறுமுங்களா?" என்றார். "பம்ப்பு நின்னா எனக்குத் தெரியற மாதிரி பண்ணிக் குடுங்க. ஆனா இனி என்றகிட்ட எதையும் மறைக்கக் கூடாதுங் கண்ணு."

தலையைக் குனிந்துகொண்டேன். அழுகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஜீப்பைச் சுற்றிப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் போய்விட்டார்.

பிரித்துப் பார்த்தால், மழைத்தண்ணீர் அடித்து அடித்துப் பம்ப்பின் ஒயர் துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. மூடி வைக்காதது என் தப்பு. இந்த முறை பம்ப்பை மேலே ஏற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அது நின்றால் டாஷ்போர்டில் சிவப்பு லைட்டும் பஸ்ஸரும். இன்ஜினை முழுசாகப் பிரித்துக் கட்ட ஒரு மாதமானது. அக்கா அந்த மாதம் முழுக்கப் பஸ்ஸில் போய் வந்தார்.

அன்றைக்கு அவர் நாலு பேரிடம் சொல்லியிருந்தால் நான் ஷட்டரை இழுத்துவிட்டுப் போயிருப்பேன். அவர் ஆள் அனுப்பினார். பொள்ளாச்சியிலிருந்து, தாராபுரத்திலிருந்து, சொந்தக்காரர்கள், களத்துக்காரர்கள்... வந்த ஒருவர் முதல் கேள்வியே இப்படிக் கேட்டார். "கெட்டதையும் சேர்த்துச் சொல்றவர் நீங்கதானுங்களா?"

எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது!

அப்புறம் எப்போது வந்தாலும் பாதி ஜீப் தேங்காய் இருக்கும். "பசங்களுக்குக் குடுங்க" என்று ஒர்க்‌ஷாப் வாசலில் இறக்கிவிட்டுப் போவார். பக்கத்து லேத்துக்காரர் வீட்டில்கூட அந்தத் தேங்காயில்தான் சட்னி.

காலையில் நித்யா போனை வைக்கும் முன் சொன்னார். "அம்மா போன்ல உங்க நம்பரத் தேடித் தேடிப் பார்த்தேனுங்கண்ணா. உங்க பேர்ல இல்ல. 'கோயமுத்தூர்த் தம்பி'ன்னு போட்டு வெச்சிருக்காங்க."

மதியம் எடுக்கிறார்களாம். ஒர்க்‌ஷாப் இன்று லீவ். கிளம்பிவிட்டேன்.

வாரேனுங்க அக்கா...