இடி மேகமும் தானாக எழும் கம்ப்யூட்டரும்

2006 புரட்டாசியில் என் டைரிக் குறிப்பு: "இனி கம்ப்யூட்டருக்கு ஆள் வேண்டாம்."

அதுவரை, விருதுநகர் கடையிலிருந்து முதலாளி எம். புதுப்பட்டி பட்டாசு ஆலையின் கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டுமானால், அங்கே ஒருவர் பாஸ்வேர்டு அடித்து ரிமோட் புரோகிராமைத் திறந்துவிட வேண்டும். கரண்ட் போய் வந்தால் மறுபடியும் அதே பாடு. கடையில் கம்ப்யூட்டர் வேலைக்கு இருந்த நான், கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானே எழவும், யாரும் பாஸ்வேர்டு அடிக்காமலே அந்தப் புரோகிராம் பின்னணியில் ஓடும் 'சர்வீஸாக'த் தொடங்கவும் மாற்றி வைத்தேன்.

"சீசன்ல இது ஓடலைன்னா, நீதாம்லே அங்கன போய் உக்காரணும்" என்றார் முதலாளி.

ஒரு வாரம் ஓடியது. பிறகு ஒரு மதியம் தொடர்பு அறுந்தது. ஆலை போனும் எடுக்கவில்லை. பஸ் ஏறிப் போனேன். கரண்ட் ஒயர், மோடம், போன் எல்லாம் கழற்றப்பட்டு மேசைமேல் கிடந்தன.

"மேற்க மேகம் கூடுச்சு, உருவிட்டோம்" என்றார் போர்மேன்.

"இடி இடிச்சுச்சாண்ணே?"

"இடிச்ச பொறவு உருவுறதுக்கு நாம இருக்கணும்ல. தானா எந்திரிக்கும்னீகளே, ஒயரையும் தானா மாட்டிக்கிடச் சொல்லுங்க."

வெடிமருந்துக்கு நடுவே இருப்பவர்களிடம் இதற்கு மேல் வாதாட முடியாது. தீபாவளிவரை அங்கேதான் உட்கார்ந்தேன். மேகம் கலைந்ததும் ஒயரை மாட்டுவதே என் உத்தியோகம்.

நான் லீவு போட்ட ஒரு நாள் மழை விட்டதும் போர்மேனே ஒயரை மாட்டினாராம். சர்வீஸும் தானே தொடங்கியதாம். அன்று முதலாளி வெளியூரில் இருந்ததால் விருதுநகரிலிருந்து யாரும் இணைத்துப் பார்க்கவில்லை. போர்மேன் சொன்னதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.