தட்டை எறியாதவர்

கந்தக வாசம் அடித்தால் போதும், கீழே விழாமல் போன ஒரு எவர்சில்வர் தட்டு என் நினைவுக்கு வந்துவிடுகிறது. சிவகாசியில் ஊர் நாடகக் குழுவொன்று குடும்ப நாடகத்துக்கு ஆள் எடுத்தது. புருஷன் வேஷம் கேட்டு நான் போயிருந்தேன். பெண்டாட்டி வேஷத்துக்கு வந்தவர் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்துகிறவர். மருந்துத் தட்டு கை நழுவினால் உயிரே போகிற வேலை. நகக்கண்ணெல்லாம் வெள்ளிப்பொடி. லீவு சொல்லிவிட்டு, வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்து வந்திருந்தார்.

சொல்லாமல் வீட்டை விற்ற புருஷன் முன்னால் அவர் தட்டை வீசி எறிய வேண்டும். அவரோ குனிந்து, இரண்டு கையாலும், தரைக்கு வலிக்குமோ என்பதுபோல வைத்தார்.

"வீசுங்கம்மா! அதென்ன வெடியா?" என்று டைரக்டர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்று தடவையும் அப்படியேதான் வைத்தார். கடைசியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது என் வசனம் மறந்துபோனது. அது பயமா, வெட்கமா, அப்போது விளங்கவில்லை.

வேஷம், தட்டை வாசல்வரை பறக்கவிட்ட வேறொரு பெண்ணுக்குப் போனது.

ஆமத்தூர் பஸ்ஸுக்கு நின்றவரிடம், "கொஞ்சம் கோவத்தைக் காட்டியிருக்கலாம்லம்மா" என்றேன்.

"அம்புட்டையும் காட்டுனேனே அண்ணாச்சி. எதுக்க நின்ன உங்களுக்குமா தெரியல?"